மூன்று வார வாடகை

உள்ளே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
ஆகவே பூங்காவைச் சொல்கிறேன்.

பேர்ன் நகரம், மொன்பிஷூ தெரு, மூன்றாம் மாடி.
வீட்டுக்காரி ரெகுலா திச்சினோவுக்குப் போயிருக்கிறாள்.
போகுமுன் வீடு முழுக்க
மஞ்சள் துண்டுகள் ஒட்டியிருக்கிறாள்:
இரவு பத்துக்கு மேல் குளிக்க வேண்டாம்.
ஞாயிறன்று போத்தல் எறிய வேண்டாம்.
சலவை அறைச் சாவி வியாழன் மட்டும்.
தேசிச்செடிக்கு அரைக் கோப்பை தண்ணீர்,
அதற்கு மேல் கேட்டாலும் கொடுக்காதே.
யன்னலில் மட்டும் எதுவும் எழுதியில்லை.

காலை ஏழுக்கு ஆரஞ்சு உடுப்புக்காரன்
இலை ஊதும் இயந்திரத்தோடு வருகிறான்.
இந்த மரத்தடியிலிருந்து அந்த மரத்தடிக்கு
ஒக்டோபரைத் தள்ளி வைத்துவிட்டுப் போகிறான்.
மதியத்துக்குள் காற்று
அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிடும்.
இரண்டு பேருக்கும் சம்பளம் ஒரே இடத்திலா என்று
பல் தீட்டியபடி யோசிக்கிறேன்.

பிறகு ஒன்பதாம் இலக்க ட்ராம்.
யன்னல் உயரத்தில் இருக்கும் ஓர் அறை.
ஒரு குவளை தண்ணீர், ஒரு பெட்டி டிஷ்யூ.
அங்கே நாள் முழுக்க 'நான்' என்கிறேன்.
நான் பிறந்தது. நான் ஒளிந்தது.
நான் என் தம்பியைக் கடைசியாகக் கண்டது.
ஒன்றும் என்னுடையதல்ல.
என் தம்பி கிருபன் சென்காலனில்
கார்க் கண்ணாடி மாற்றுகிறான்.
நேற்றுத்தான் பேசினேன், தடிமனாம்.

மாலை வந்து
நெற்றி கண்ணாடியில் படும்படி நிற்பேன்.
கீழே கல்லில் செய்த பிங்பொங் மேசை,
நடுவே இரும்பு வலை.
சிவப்புக் காலுறைப் பையன் தனியாக ஆடுகிறான்.
இங்கிருந்து அடிக்கிறான்.
பந்து அந்தப் பக்கம் குதித்துப் புல்லுக்குள் ஓடுகிறது.
போய்ப் பொறுக்கி, அங்கே நின்றே
இந்தப் பக்கத்துக்கு அடிக்கிறான்.
புள்ளிகளும் எண்ணுகிறான், வாயசைவு தெரிகிறது.
யார் முன்னிலை என்று
இரண்டு வாரமாகப் பார்த்தும் பிடிபடவில்லை.

ஒன்றே ஒன்று சொன்னால் குற்றமாகாது.
அது யாருடைய கதையும் அல்ல, இலக்கணம்.

'நாங்கள் ஓடினோம்' என்றாள் ஒருத்தி.
'வீர்' என்றேன்.
'நாம் ஓடினோம்' என்று சொல்லியிருந்தாலும்
'வீர்' என்றுதான் சொல்லியிருப்பேன்.
அந்த மொழியில் உள்ளே இருப்பவர்களும்
கதவுக்கு வெளியே நிற்பவர்களும்
ஒரே சொல்லுக்குள் மூச்சு வாங்குகிறார்கள்.
அதிகாரி தட்டெழுதிக்கொண்டார்.
அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.
என் தமிழைக் கேட்டு, என் ஊரையும் ஊகித்து,
ஒரு 'ங்கள்' வைத்து
நீ அங்கே இருக்கவில்லை என்று
மரியாதையாகச் சொன்னாள்.
அது எந்தத் தாளிலும் ஏறவில்லை.

வியாழன். துணி காயப்போட பல்கனிக்கு வந்தேன்.
பக்கத்துப் பல்கனியில் திருமதி ட்ஸ்பின்டன்
கால்மிதியை உதறிக்கொண்டிருந்தார்.
மூன்று வாரத்தில் முதல் பேச்சு.
'வடிவுதானே, ஊஸே பார்க்'
என்று பேர்ன் பேச்சில் சொல்லி
கையால் ஒரு வட்டம் போட்டார்.

எங்கள் பூங்கா என்கிறாரா?
நம் பூங்கா என்கிறாரா?

வட்டம் மேப்பிள் மரங்களில் தொடங்கி
மேசையைச் சுற்றி, வாங்குகளைத் தாண்டி
என் துணிக்கொடிக்குக் கிட்ட வந்து
கால்மிதியைப் பிடிக்கத் திரும்பிவிட்டது.
காலுறைகள் சொட்டச் சொட்ட நின்றேன்.
இருபத்தாறு பிராங்க் அகராதி ஒன்று
உள்ளே மேசையில் கிடக்கிறது. அதில் இருக்காது.
'யா' என்றேன். 'வடிவுதான்.'
சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கீழே யாரோ ஒருவருடைய காரின் கூரையில்
கஷ்கொட்டை விழுந்தது.
அலாரம் அடித்து, தானே வெட்கப்பட்டு நின்றது.

இரவு தேசிச்செடி இன்னும் அரைக் கோப்பை கேட்டது.
கொடுத்தேன்.
இருட்டிய பிறகும் பந்துச் சத்தம் வந்தது.
டக்.
பிறகு அவன் தேடிப்போகும் நேரம்.
பிறகு, மற்றப் பக்கத்திலிருந்து,
டக்.