எந்த அடுக்கில்

நியூபோர்ட்டில் மழை பெய்வது செய்தியல்ல.
வெள்ளிக்கிழமை, எட்டரை மணி,
நனைந்த அட்டைப்பெட்டிக்குள் இருபத்தைந்து இசைத்தட்டுகள்.
இருபத்தைந்திலும் நெரிஸ் அடோமாகோ
நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள்,
முழங்கால்வரை ஆற்றுச் சேற்றில்.
இரண்டாவது ஆல்பம். பெயரும் அதுதான்: சேறு.

முதல் ஆல்பத்துக்கு நாங்கள் இடம் தேடவில்லை.
ஒரு கிட்டார், ஒரு குரல்,
விட்டுப்போனவனுக்குப் பதினோரு பாட்டு.
'நாட்டார் இசை' என்ற தடுப்பு அட்டைக்குப் பின்னால்
செருகிவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டேன்.
நன்றாக விற்றது.
மனம் முறிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

இதை இட்ரிஸ் ப்ரோபர்ட், என் முதலாளி,
கடை திறக்குமுன் முழுதும் கேட்டார்.
முதல் பாட்டில் தேவாலயத்துக் கூட்டுக்குரல், வெல்ஷ் மொழியில்;
அதன் காலடியில் பேஸ் ஒலி
யாரோ நள்ளிரவில் பீரோ நகர்த்துவதுபோல் நகர்கிறது.
இரண்டாவதில் அவள் அப்பா ஊர்க் கிட்டார்,
குமாசியின் ஹைலைஃப்,
குதிகால் தரையில் பதியாத நடை.
மூன்றாவதில் ஹார்ப்.
ஹார்ப்பின்மேல் ஒரு பையன் மூச்சுவிடாமல் கொட்டுகிறான்,
பாதி வசவு, பாதி பேருந்து நிறுத்தங்களின் பெயர்.
ஆறாவதில் பாட்டே இல்லை.
அஸ்க் நதி வற்றும்போது
சேற்றில் குமிழ் உடையும் சத்தம்,
நான்கு நிமிடம்.

"எங்கே வைக்கிறது இதை?" என்றார் இட்ரிஸ்.

'உலக இசை' என்று ஓர் அட்டை இருக்கிறது.
நியூபோர்ட் எந்த உலகத்தில் இருக்கிறதாம்?
'வேல்ஸ்' அட்டைக்குப் பின்னால்
ஆண்கள் பாடற்குழுக்கள் கோட்டுப் போட்டு நிற்கிறார்கள்;
அவள் சேற்றுக்காலோடு அங்கே போக
எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

லண்டன் பத்திரிகை ஒன்று இரண்டு நட்சத்திரம் கொடுத்தது:
எல்லாக் கதவையும் தட்டியவள்
எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லையாம்.
இன்னொன்று, மே மாதத்திலேயே,
ஆண்டின் ஆல்பம் என்று அறிவித்துவிட்டு
அவள் பெயரை எழுத்துப்பிழையோடு அச்சடித்தது.
தேவாலய மாத இதழ்
முதல் தொண்ணூறு வினாடிகளை மட்டும் பாராட்டியது.

கம்பளித் தொப்பிக்காரர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார்.
"அவள் அழுதபோது வாங்கியவன் நான்" என்றார்,
கொடுத்த கடன் திரும்பாத குரலில்.
பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

மஞ்சள் மேலங்கியோடு வந்த பேருந்து ஓட்டுநர்
மூன்றாவது பாட்டை நின்றபடி கேட்டார்.
உதடுகள் எதையோ எண்ணின.
"மைண்டீக்கும் ரிங்லண்டுக்கும் நடுவே
ஒரு நிறுத்தத்தை விட்டுவிட்டான் பையன்."
இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

திங்கள் நாட்டார், செவ்வாய் உலகம், புதன் வேல்ஸ்
என்று நான் அவளை நகர்த்திக்கொண்டிருந்த வாரத்தில்
அவள் அப்பா வந்தார்.
இரும்பாலைச் சட்டை, மேல் பொத்தான்வரை போட்டது.
எத்தனை போயிற்று என்று மட்டும் கேட்டார்.
பத்தொன்பது என்றேன்.
கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துவிட்டு,
"இரண்டாவதில் வாசிப்பது நான்தான்.
சமையலறையில். எனக்குத் தெரியாமல் பதிந்துவிட்டாள்.
ஓர் இடத்தில் விரல் வழுக்கியது.
அதை வெட்டிவிடு என்றேன்.
வெட்டவில்லை."
கோபமா பெருமையா, பிடிபடவில்லை.
குடையை மறந்துவிட்டுப் போனார்.

மீதி ஆறும் இப்போது கல்லாப்பெட்டி பக்கத்தில்,
மறந்துபோன குடைகளோடு சாய்ந்து நிற்கின்றன.
யாரும் தேடாத இடம்,
எல்லோரும் நிற்கிற இடம்.

கடை மூடும் நேரம், இட்ரிஸ் ஷட்டரைப் பாதி இறக்கியபின்,
இரண்டாவது பாட்டைப் போடுகிறேன்.
அந்த வழுக்கல் எங்கே?
ஒன்பது தடவை கேட்டாயிற்று.
நேற்று ஓரிடத்தில் நிறுத்தி, இதுதான் என்றேன்.
"அது சமையலறைக் குழாய்" என்றார் இட்ரிஸ்,
"மறுபடி போடு."