கால் பாகம்

ஒன்பதரைக்கு வருகிறார் புரொபசர் ஞானவடிவேல்,
திங்கள் முதல் சனி வரை.
நடிக்கிறவனுக்கு ஒட்டு மீசை.
அவருடையதும் ஒட்டுதான், அது இவர்களுக்குத் தெரியாது.

திருப்பாப்புலியூரில் இந்த நேரத்துக்கு
ஒரே குரல் வீடு வீடாக நுழைகிறது.
எதிர்வீட்டுச் சம்மனசு காலையிலேயே சொல்லிவிட்டாள்:
"இன்னிக்கு ரம்பத்துல அறுக்கிறாங்களாம்க்கா,
எங்க டிவி ரிப்பேரு, இங்க வந்துடுறேன்."

எண்பத்து மூன்றில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி.
ஒரு பக்கம் மரணக் கிணறு, ஒரு பக்கம் டெல்லி அப்பளம்,
நடுவே தகரக் கொட்டகை.
சிங்கப்பூர், ஜப்பான், மெடல் எல்லாம் பிறகு.
அப்போதைக்கு டிக்கெட் ஒன்றரை ரூபாய்,
நாளைக்கு மூன்று தடவை
மனைவியை இரண்டாக அறுத்தார்.
ஞாயிறு நான்கு.

தொடரில் மனைவியாக வருகிறவள் நல்ல நிறம்.
பெட்டியில் படுக்கும்போதும் சிரிக்கிறாள்.
குமுதவல்லி அக்கா சிரித்ததில்லை.
கூரைத் தகரத்தில் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பாள்,
பிறகு என்னிடம் சொல்வாள்: "பதினேழுடி."

தலை அவளுடையது.
கால் என்னுடையது.

இதைச் சொல்லக் கூடாது.
கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அணைக்கச் சொல்லி
சத்தியம் வாங்கியிருக்கிறார்.
நாற்பது வருஷம் காப்பாற்றினேன்.
தொடர் தொடங்கிய அன்று
பெயர்கள் ஓடும்போது தேடிப் பார்த்தேன்,
புறாக்காரன் பெயர் வரை வருகிறது.

மேசைக்குள் மடங்கிக் கிடப்பேன், முட்டி முகவாயில் இடிக்க.
மரத்தூள், வார்னிஷ் வாடை, முந்தின ஊரின் எலிப் புழுக்கை.
மூடி விழுந்ததும் துளை வழியே காலை நீட்டுவேன்.
வெளியே அவர் கேட்பார்:
"காலே, உயிர் இருக்கிறதா?"
இடது சுண்டுவிரலில் ஆரம்பித்து
ஒவ்வொன்றாக ஆட்டுவேன்.
கை தட்டுவார்கள். யாருக்கு என்று
அப்போதே எனக்குக் குழப்பம்.

அக்கா காலில் மெட்டி. அதனால் எனக்கும் மெட்டி.
பத்தொன்பது வயசு, வரன் ஒன்றும் குதிரவில்லை,
இன்னொருத்தி புருஷன் வாங்கிக் கொடுத்த வெள்ளி.
அக்காவே போட்டுவிட்டாள்,
"என் காலைவிட லட்சணமா இருக்குடி" என்று
கொஞ்சம் அழுத்தி.
ஆட்டம் முடிந்ததும் கழற்றிச் சோப்பு டப்பாவில் வைப்பேன்.
ஒரு ராத்திரி, பண்ருட்டியோ நெய்வேலியோ,
கழற்றாமல் தூங்கிவிட்டேன்.
அக்கா பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.
காப்பி மட்டும் ஆறிப்போய் வந்தது.

தொடரில் அவருக்கு மூன்று எதிரிகள், ஒரு நாகப்பாம்பு,
கல்கத்தாவில் ஒரு காதலி.
நிஜத்தில் இருந்தது கடன், மூலம்,
புறாக்களிடம் மட்டும் பேசுகிற மெதுவான குரல்.
அதை யாரைக் கேட்டு எழுதுவார்கள்?

போன ஆடியில் இடது சுண்டுவிரல் கறுத்தது. சர்க்கரை.
பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்,
அந்த மைதானத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.
ரம்பமில்லை, பேண்டு வாத்தியமில்லை.
இடுப்புக்குக் குறுக்கே பச்சைத் துணி,
அந்தப் பக்கம் யாரோ யாருடைய காலையோ
என்னவோ செய்துகொண்டிருந்தார்கள்.
"பயமா இருக்காம்மா?" என்றான் டாக்டர் பையன்.
"பழக்கம்தான்" என்றேன்.
அவன் சிரித்தான்.

இதோ பெட்டி இரண்டாகிறது.
தூரத்துப் பாதியில் இரண்டு பாதங்கள்,
சிவப்பு நகப்பூச்சு, மெட்டி இல்லை.
"கிராபிக்ஸ்க்கா" என்கிறாள் சம்மனசு, முறுக்கு மென்றபடி.
இருக்கும் என்கிறேன்.
ஒட்டு மீசை குனிகிறது:
"காலே, உயிர் இருக்கிறதா?"

போர்வைக்குள் ஒன்பதும் அசைந்தன.
இல்லாதது, எப்போதும் போல,
முந்திக்கொண்டது.

விளம்பரம் போட்டுவிட்டார்கள்.
சம்மனசு தட்டை என் பக்கம் தள்ளுகிறாள்:
"உப்பு முறுக்குதான்க்கா, நீங்க சாப்பிடலாம்."