காத்திருந்து கவனித்தல்

முதலில் ஒரு படம் வைத்திருந்தேன்:
கடற்கரை, நரைத்த தம்பதி, வெள்ளைச் சட்டை,
ஒரு நோயும் தெரியாத பற்கள்.
"யார் இவங்க, கப்பல்ல சுத்திப் பார்க்க வந்தவங்களா?"
என்றார் வியர் கிட்டன்ஸ்,
ஸ்பைட்ஸ்டவுன் ரம் கடை மேசையில்
டாமினோக் கட்டையை ஓங்கி அறைந்தபடி.
படத்தை எடுத்துவிட்டேன்.

ஆறு பேரை வைத்துச் சோதிக்கப் போனவள் நான்.
கைபேசியைக் கை போகும் தூரம் நீட்டிப் பிடித்து,
கண்ணை இடுக்கி,
வலை இழுத்துத் தடித்த கட்டைவிரலால்
'அடுத்து' என்பதை அழுத்தினால்
'வெளியேறு' என்பதற்குள் போய் விழுந்தார்கள்.
பொத்தானைப் பெரிதாக்கினேன்.
இரண்டு மடங்கு. பிறகு இன்னும் கொஞ்சம்.

'புற்றுநோயை வெல்வோம்' என்று மேலே ஒரு வரி.
"நான் யாரோடயும் சண்டைக்குப் போகலையே"
என்றார் டார்ன்லி ஃபோர்ட்.
அதுவும் போயிற்று.

மற்றச் சொற்கள் அவ்வளவு எளிதில் மசியவில்லை.
மருத்துவர்கள் தந்த பட்டியலில் முதல் வழி
'காத்திருந்து கவனித்தல்'.
"யார் காத்திருக்கிறது?" டார்ன்லிதான் மறுபடியும்.
"யார் கவனிக்கிறது?
நானா, டாக்டரா, இல்ல அதுவா?"
'அது' என்றபோது மேசைக்குக் கீழே பார்த்தார்.
யாரும் சிரிக்கவில்லை.
கட்டைகள் சற்று நேரம் கவிழ்ந்தே கிடந்தன.

அன்றிரவு எழுதினேன்:
'இப்போதைக்கு வெட்டப் போவதில்லை.
சொன்ன நாளில் இரத்தம் எடுத்துப் பார்ப்போம்.
மாறினால் முதலில் உங்களிடம் சொல்வோம்.'
மருத்துவமனைக் குழு
'வெட்ட' என்பதை வெட்டியது.
திரும்ப வைத்தேன். திரும்ப வெட்டியது.
மூன்றாம் முறை செவிலியர் யூலாலி
ஓரத்தில் பேனாவால் எழுதி அனுப்பினாள்:
என் வார்டில் எல்லோரும் கேட்பது இந்தச் சொல்லைத்தான்.

நூறு புள்ளிகள் போட்டேன், பத்துக்குப் பத்து.
அறுவைக்குப் பின் நீர் கசிகிறவர்கள் நீலம்,
மற்றவர்கள் சாம்பல்.
வியர் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.
டாமினோ ஆடுகிற கண், ஒரு புள்ளி தப்பாது.
எண்ணி முடித்துவிட்டு,
"சரி, இதுல நான் எது?"
எனக்கு வாய் வரவில்லை.
புள்ளிகளின் அடியில் அதையே எழுதினேன்:
'இவற்றில் நீங்கள் எது என்று
யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.'
"ம்" என்றார். அடுத்த கட்டையை எடுத்தார்.

விறைப்பைப் பற்றிய பக்கத்தில்
ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.
ஆறு பேரும் அதைத்தான் மிக மெதுவாகப் படித்தார்கள்.
ஒருவர் எழுந்து வெளியே போய்
வெகுநேரம் கடலைப் பார்த்து நின்றார்,
என் போனைக் கையில் வைத்துக்கொண்டே.

எல்லோருக்கும் திறந்துவிட்டு ஏழு வாரம் கழித்துக்
கணக்குப் பார்த்தேன்.
பகலில் ஈயாடவில்லை.
இரவு ஒன்று நாற்பது. மூன்று பத்து. நாலரை.
ஏதோ பிழை, எங்கோ ஓர் எந்திரம் தட்டுகிறது என்று நினைத்து
யூலாலியிடம் காட்டினேன்.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"அது அவங்க எழுந்து போற நேரம்" என்றாள்.

ஒரே இரவில் மூன்று முறை எழுகிறவர்கள்.
விளக்கைப் போடாமல்,
வருகிறேன் வருகிறேன் என்று வராததற்காக நிற்கையில்
ஒரு கை சுவரில்,
மறு கையில் நான் எழுதியது.

நானோ
பால் வெள்ளைப் பின்னணி வைத்திருந்தேன்.
அந்த இருட்டில் முகத்தில் டார்ச் அடித்ததுபோல.
கதவிடுக்கு வழியே கட்டில்வரை போயிருக்கும் வெளிச்சம்.
அவர்கள் இன்னும் சொல்லாத மனைவிமேல் விழுந்திருக்கும்.

இரவுக்கென்று கரிய நிறம் வைத்தேன்,
எழுத்துக்கு மங்கிய மஞ்சள்.
தானாகப் பேசத் தொடங்கும் காணொளியைத் தூக்கினேன்.
வாக்கியங்களைக் குறுக்கினேன்,
நின்று முடிப்பதற்குள் படித்து முடிக்கும்படி.
அப்புறம்தான் உறைத்தது,
நின்று முடிக்க அவர்களுக்கு நேரமாகும் என்று.
இரண்டு வரி கூட்டினேன்.