முப்பத்தாறாயிரம் கோடி

ஓஸ்ட்ராவாவில் கடைசி டிராமை நிறுத்திவிட்டு
நிலவறைக்கு இறங்குகிறேன்.
வாளியில் இருபது லிட்டர் மால்ட் சாறு,
பத்து டிகிரிக்கு ஆறிவிட்டது.
கையில் கத்தரிக்கோல்.

போன முறை ஒரே ஒரு பொட்டலம் ஈஸ்ட்.
மூன்று நாள் ஒரு குமிழி இல்லை.
நாலாம் நாள் அழுகிய முட்டை வாடை
படியேறிப் போய்
ஹெட்விகாவின் கதவைத் தட்டியது.
வடித்த லாகரை முதலில் அவளுக்கே ஊற்றினேன்.
“பச்சை ஆப்பிள்” என்றாள்.
பாராட்டு இல்லை அது.

குளிரில் ஈஸ்ட் சோம்பேறி ஆவதில்லை;
ஆள் போதாத ஷிஃப்ட், அவ்வளவுதான்.
பனி கொட்டும் காலையில்
இரண்டே ஓட்டுநர்களை வைத்து
ஒன்பது தடமும் ஓட்டச் சொன்னால்
நானும் நாறித்தான் போவேன்.

டியூட்டிச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
முப்பத்தாறாயிரம் கோடி உயிர் வேண்டும்.
எண்ணிப் பார்க்க யாருக்கு ஆயுசு?
இரண்டு பொட்டலம் தூவுகிறேன்.
மூன்றாவதில் பாதி.
மீதியை மடித்து, கிளிப் மாட்டி,
விளக்கை அணைத்து,
திரும்ப விளக்கைப் போட்டு
அதையும் கொட்டுகிறேன்.

தலைக்கு மேல் செருப்புச் சத்தம்.
ஏழு வாரம் பொறு, ஹெட்விகா,
என்கிறேன் கூரையிடம்.