நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு

கானாடுகாத்தான், பதினொரு மணி.
பாகப்பிரிவினைக்குப் படம் கேட்டார் வக்கீல்:
தூண்கள், ஓடுகள், வளவுச் சுவரின் விரிசல்.

முட்டைச் சாந்தின் வெள்ளையை
என் குட்டிக் கேமரா நம்பாது.
எதையும் சாம்பலாக்கினால்தான் அதற்கு நிம்மதி.
சுவர் முன் நிழலில் நின்ற வெள்ளையம்மாள்
துடைப்பத்தோடு கரிக்கோடாகிப் போனார்.

"உள்ளங்கையைக் காட்டுங்கக்கா."
"சோசியமா?"
ஈரத்தைச் சேலையில் துடைத்து நீட்டினார்.
திரையின் நடுப்புள்ளியில் கையை நிறுத்தி
பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்தேன்.
"என்ன சொல்லுது?"
"நொடியில நூத்தி இருபத்தஞ்சுல ஒரு பங்கு."
"அட, அதுலயுமா பங்கு!"

கையை இறக்கிவிட்டுச் சிரித்தார்.
மீதிப் பாதியையும் அழுத்தினேன்.

சுவர் வெளுத்துக் காணாமல் போயிருந்தது,
விரிசலோடு.
வக்கீலுக்கு வேறு எடுக்கணும்.
இதில் முகம் இருக்கிறது,
சிரிப்பில் ஒரு பல் குறைவாக.