உரித்த கண்

வேலையில் சேர்ந்த அன்று
கண்ணை உரித்து வைத்துக்கொள் என்றார்
சூப்பர்வைசர் ஊய்.
ஆங்கிலத்தில்தான் சொன்னார்.
எனக்குத் தெரிந்ததென்னவோ ரம்புத்தான்:
தோல் போன வெள்ளைச் சதை,
ஈரம், நடுவே கொட்டை.

பாயான் லெப்பாஸ், இரண்டாம் கேட்,
இரவு ஏழு முதல் காலை ஏழு.
நம் பேச்சில் விளக்கெண்ணெய் விட்டால் போதும்,
இவர்களுக்குத் தோலே உரிய வேண்டும்.

கால்விரல்மேல் நில் என்பார்.
நிற்கிறேன்.
பூட்ஸ் ஒரு சைஸ் சின்னது.
ஒரு கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவதை
அவர் சொல்லித் தரவில்லை,
நேப்பாளி தில்பகதூரைப் பார்த்துக் கற்றேன்.

முதுகைப் பார்த்துக்கொள் என்றது மட்டும்
நெடுநாள் விளங்கவில்லை.
யார் பார்த்தார்கள் தன் முதுகை?

போன செவ்வாய்,
லாரி எதுவும் வராத மூன்று மணிக்கு
போனில் சேமநிதிக் கணக்கைத் திறந்தேன்.
மார்ச்சிலிருந்து ஒரு காசு ஏறவில்லை.
சம்பளச் சீட்டில் மட்டும்
மாதம் தவறாமல் பிடித்திருக்கிறார்கள்.

காலையில் ஊய் வந்தார், கையில் கோப்பி பொட்டலம்.
எதையாவது பார்த்தாயா என்றார்
வழக்கம்போல், என்னைப் பார்க்காமல்.

பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன்.
மணி 3.10. திருட்டு ஒன்று.
கேட்டைத் தாண்டி உள்ளே வந்தவர் யாருமில்லை.
கண்டவர்: கமலவேணி, இரவுக் காவல்.