கோணத்தில் ஒரு பல்

பாம்பனுக்குத் தெற்கே, இரவு இரண்டு மணி.
மடி இழுக்கையில் விஞ்ச் கம்பி அறுந்து
என் இடது தாடையில் வந்து நின்றது.
வலி பிறகுதான். முதலில் சத்தம்.
காய்ந்த பனைமட்டையை யாரோ
காதுக்குள் வைத்து ஒடித்தார்கள்.

ராமநாதபுரத்தில் டாக்டர் நபீலா
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
தாடை மேலே திரும்பும் கோணத்தில் ஒரு கோடு.
கோடு ஓடிய வழியில்
வற்றத்தில் தரைதட்டிய வத்தை போல
ஒருக்களித்துக் கிடந்தது ஒரு பல்.

"ஞானப்பல். வயசென்ன?"
இரண்டு விரல் காட்டினேன், பிறகு ஒன்பது.
"அது புதைஞ்சிருக்கிற இடத்துல எலும்பு குறைச்சல்.
அடி அந்த வழியைத்தான் தேடும்."

புரிந்தது.
பலகை பிளப்பது ஆணி ஓட்டையில்தான்,
எங்கள் படகிலேயே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

மூன்று வருஷம் முன்பே பிடுங்கச் சொன்னார்கள்.
தடைக்காலம் வரட்டும் என்றேன்.
வந்தது.
அறுபத்தொரு நாளும் அது வலிக்கவில்லை.

டெல்மா பல்லைத் திட்டினாள்:
"பேருலதான் ஞானம்.
வாடகையும் தராம வீட்டையும் இடிச்சிருக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை.
விரலை மேலே நகர்த்தி
காதுக்கு முன்னால் ஒரு சின்னக் குமிழில் நிறுத்தினார்.
"இது இல்லாட்டி அடி இங்க ஏறியிருக்கலாம்.
மூட்டு. சேர்க்கிறது கஷ்டம்,
சேர்த்தாலும் வாய் முழுசாத் திறக்குமான்னு சொல்ல முடியாது."
"நிச்சயமா?"
"நிச்சயமில்லை. அடிபட்டு வந்தவங்களை
எண்ணிப் பார்த்தா அப்படித்தான் தெரியுது."

டெல்மா அதற்குப் பிறகு பல்லைப் பற்றிப் பேசவில்லை.

மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக்
கம்பியால் கட்டிவிட்டார்கள், ஆறு வாரத்துக்கு.
அறுந்ததும் கம்பி, கட்டியதும் கம்பி.
தங்கச்சிமடத்தில் நண்டுச் சாறும் கஞ்சித் தண்ணியும்
ஸ்ட்ராவில் ஏறுகின்றன.

நேற்று டிரைவர் சிங்கராயர் வந்தார்.
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.
விஞ்ச் கம்பியில் துருப்பிடித்த இடம் எல்லோருக்கும் தெரியும்,
அதன் மேல் கயிறு சுற்றியதே நாங்கள் இரண்டு பேரும்தான்.
அதை அவர் சொல்லவில்லை.
என்னால் சொல்ல முடியாது.

"பல்லை எடுத்துட்டாங்களா?"
தலையசைத்தேன். டிவி மேலிருந்த
மாத்திரைக் கவரைப் பிரித்து
உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.
"இவ்வளவு பெருசா?"

போகும்போது ஒரு கிலோ விளமீன் வைத்துவிட்டுப் போனார்.
டெல்மா செதில் சுரண்டுகிறாள்.
மெல்லுவதற்கு இன்னும்
முப்பத்தோரு நாள்.